தொடாத வண்டி

பச்சைப் பெயிண்ட் காய்வதற்குள் பெயிண்டர் பெட்ரோல் டேங்கைப் படம் எடுத்துவிட்டார். மாமனாரின் பழைய மோட்டார் சைக்கிள், பெண் பார்க்கக் கிளம்பிய மாதிரி பளபளவென்று நின்றது. போனில் 'பழைய வண்டிப் பிரியர்கள்' என்று ஒரு குழு. அதில் பெருமையாகப் படத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

வந்தது பாராட்டு இல்லை, திட்டு.

"கொலைகாரா!" என்று எழுதியிருந்தார் ஒருத்தர்.

"வண்டியோட வயசையே சுரண்டி எடுத்துட்டியே, நல்லா இருப்பியா?" என்று இன்னொருத்தர்.

பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வயிற்றுப்பாடே பழசை மறைப்பதில்தான் ஓடுகிறது. நெட் வந்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டதாம். பழசு பழசாகவே இருக்க வேண்டுமாம். துருவுக்கு ரசிகர் கூட்டமாம்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வீட்டில் கூரை வேலை நடக்கிறதென்று வண்டியை இங்கே விட்டுப்போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் 'மாப்பிள்ளை' என்ற சொல் வந்ததே இல்லை. "இந்தாப்பா"தான். வண்டியைப் புதுசாக்கிக் கொடுத்தால் அந்த வாய் திறக்காதா என்று பெயிண்டருக்கு ஒரு நப்பாசை. துருவும் ஒத்துழைத்தது. ஈரத்துணி பட்டதுமே கரைந்து, பழுப்புத் தண்ணீராக வாசலில் ஓடியது. எல்லாம் நம் கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கப்பா பல்லு விளக்குறதுக்கு முந்தி வண்டியைத் துடைக்கிற ஆளு. அதுல எப்படிங்க துரு?" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

"வயசாகுதில்ல? எனக்கே முட்டியில துருப் பிடிச்சுக் கிடக்கு."

போன் அடித்தது. மாமனார்.

"இந்தாப்பா, வண்டி பத்திரமா இருக்கா?"

"இருக்கு மாமா."

"சாயங்காலம் ஒரு வீடியோக்காரரைக் கூட்டிட்டு வரேன். பழைய வண்டிங்களைப் படம்பிடிச்சு நெட்ல போடுறவரு. யார் கையும் படாத வண்டியா இருந்தாத்தான் தொடுவாராம். நான் போட்ட போட்டோவைப் பார்த்துட்டு அந்தத் துருவுக்காகவே வராரு. கூட வேலை பார்த்தவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ பாட்டுக்குத் துணியைக் கிணியை வச்சுத் தேய்ச்சிடாதே. கேக்குதா?"

"கே... கேக்குது மாமா."

"குரல் ஏன் இப்படிக் கம்முது?"

"பெயிண்ட் நெடி மாமா. வேற ஒரு வேலை."

பெயிண்டர் போனைப் போட்டுவிட்டு வண்டியிடம் ஓடினார். "தின்னரை எடு" என்று மனைவியிடம் கத்தினார்.

தின்னர் ஊற்றித் தேய்த்ததில் பச்சை போனது. பச்சையோடு அடியில் இருந்த பழைய பெயிண்டும் கிளம்பிப் போனது. வெறும் தகரம் பல்லை இளித்தது.

"இதுல பார்த்துத் தலை வாரிக்கலாம்" என்றாள் மனைவி.

"வாயை மூடிட்டு வீடியோவைத் தேடு."

கேட்டால் கிடைக்காதது நெட்டில் எது? சீக்கிரம் துரு வரவழைப்பதற்கும் ஒரு வீடியோ இருந்தது. உப்பும் வினிகரும் தெளித்தார்கள். வாழ்நாளெல்லாம் துரு வராமல் இருக்க இரும்புக் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பெயிண்ட் அடித்த மனுஷன், துருவே வா, வா என்று அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

துரு வந்தது. ஆரஞ்சுப் பழ நிறத்தில் வந்தது.

"இது இப்பப் பொறந்த துருங்க. நமக்குத் தாத்தா துருல்ல வேணும்?" என்றாள் மனைவி.

வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பெயிண்டர் செங்கல் நிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். நிறம் போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவர் சமையலறைக்கு ஓடி, காப்பித்தூள் டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்தார். மாமனார் நெட்டில் போட்ட போட்டோவை மனைவி போனில் பெரிசாக்கிப் பிடிக்க, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"கீழ ஒரு திட்டு விட்டுப்போச்சு. ஐயோ, அவ்வளவு இல்லை, கையை எடுங்க!"

மேசை விசிறியைத் திருப்பி வைத்தபோது வாசலில் கார் நின்றது.

வீடியோக்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக வண்டியருகே மண்டியிட்டார். மாமனார் பின்னால் கைகட்டி நின்றார். பெயிண்டர் நகக்கண்ணில் இருந்த பச்சையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வீடியோக்காரரின் மூக்கு டேங்கை ஒட்டிப் போனது. "என்ன வாசனை இது?"

"காப்பி போடுறேங்க. குடிக்கிறீங்களா?" என்று மனைவி முந்திக்கொண்டாள். டப்பா காலி என்பது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அப்புறம் ஆகட்டும்மா. இன்னிக்குக் குழுவுல எவனோ ஒரு மடையன் இதே மாதிரி டேங்குக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சுப் படம் போட்டிருந்தான். பார்த்ததுல இருந்து எனக்கு மனசே ஆறலை."

"அடப்பாவி!" என்றார் பெயிண்டர். "இப்படியும் இருக்கானுங்களா?"

வீடியோக்காரர் எழுந்து மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். உங்க போட்டோவைப் பார்த்தப்ப எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நேர்ல பார்த்ததும் போயிடுச்சு. அசல்னா இது அசல்!" கேமராவை எடுக்கக் காருக்கு நடந்தார்.

மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டேங்கில் விரல் வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார். காலில் விழுந்துவிடலாமா என்று குனியப் போன பெயிண்டரின் தோளைப் பிடித்து நிறுத்தி, வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, மாமனார் காதருகே குனிந்தார்.

"மாப்பிள்ளை, காப்பித்தூளா போட்டீங்க? நான் டீத்தூள் போட்டேன், துணி பட்டாலே கரைஞ்சு போகுது."