கிரீடம் தலையில் இருந்தபோது கொடுத்த வாக்கு

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர், கான்பூர் வக்கீல் ஹர்கோவிந்த் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் திரிலோகிநாத் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் நலமில்லை.

எங்கள் பேட்டையான இந்த மொகல்லாவின் ராமலீலா நாடகத்தில் நான்தான் தசரதன், கமிட்டித் தலைவனும் நானே என்பது தாங்கள் அறிந்ததே. கைகேயி, பக்கத்து வீட்டுக் கேதார்நாத். நடுச்சுவரை என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டான் என்று நான் வழக்குப் போட்டிருக்கிறேனே, அதே ஆள். மேடையில் புருஷன் பெண்டாட்டி, கீழே இறங்கினால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நேற்று கைகேயி கோபித்துக்கொண்டு கிடக்கும் கோபக்கிருகக் காட்சி. அவன் மீசையை மழித்துவிட்டு, தலைவிரி கோலமாகத் தரையில் கிடக்கிறான். நான் வழக்கம்போல் உருகி, "கேள் கைகேயி, உயிரைக் கேட்டாலும் தருகிறேன்" என்று சத்தியம் செய்தேன். மைதானம் முழுக்க ஜனம். பாவி எழுந்து உட்கார்ந்து வளையலைச் சரிசெய்துகொண்டு கேட்கிறான்: "மொத வரம், செவுத்துக் கேஸ வாபஸ் வாங்கணும். ரெண்டாவது, உங்க பொண்ணு நிருபமா என் பையன் பிரபாத்துக்கு. பதினாலு வருஷம் இல்ல, ஆயுசுக்கும். காட்டுக்கு இல்ல, பக்கத்து வீட்டுக்குத்தான்!"

எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஜனங்களோ ஜெயகோஷம் போடுகிறார்கள். ராமன் எட்டிப் பார்த்து, "அப்ப நான் காட்டுக்குப் போகணுமா, வேணாமா?" என்கிறான். ராவணனாக நடிக்கும் ஜிலேபிக் கடை சங்டா பிரசாத் திரைக்குப் பின்னாலிருந்து, "யோவ், இவரு போகலேன்னா நான் யாரத் தூக்கிட்டுப் போறது?" என்று கத்துகிறான். நான் நிஜமாகவே விழுந்தேன். தசரதன் இவ்வளவு தத்ரூபமாக இதற்குமுன் செத்ததில்லை என்று இன்று கடைத்தெருவில் பாராட்டுகிறார்கள்.

நடிப்புத்தானே என்று தப்பிக்கலாமென்றால், என் வாயே எனக்குச் சத்துரு. கிரீட பூஜை முடிந்தபின் தலையில் கிரீடத்தோடு பேசுவது விளையாட்டுப் பேச்சல்ல என்று சட்டம் போட்டதே நான்தான். போன வருஷம் இறக்கையோடு புகையிலை மென்ற ஜடாயுவுக்கு அபராதம் போட்டேன். இன்று அந்த ஜடாயு வாசலில் நின்று, "என்ன மகராஜ், சட்டம்னா எங்களுக்குத்தானா?" என்கிறான். பண்டிதரிடம் ஓடினேன். அவரோ, "தசரதன் மட்டும் ஏமாந்துதானேய்யா வாக்குக் குடுத்தான்? இருந்தும் காப்பாத்தலையா?" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ராஜாவுக்காவது காட்டுக்குப் போன பிள்ளை தெய்வம். என் நிரு சாதாரணப் பெண். என் வீறாப்புக்கு அவள் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று நெஞ்சு பதறுகிறது. வாக்கைக் காப்பதா, பெண்ணைக் காப்பதா, எது தர்மம்? அவள் நேற்றிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. தங்கள் தங்கை குஸும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். வேஷத்தில் கொடுத்த வாக்கு சட்டப்படி செல்லாது என்று ஒரு வழி சொல்லுங்கள். இந்த நேரத்தில் நம்புவதற்குத் தங்களைத் தவிர எனக்கு வேறு யாருமில்லை.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. ராமன் எல்லோரையும் காப்பானாக, முடிந்தால் என்னை முதலில்.

இப்படிக்கு,
திரிலோகிநாத்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். குஸும் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து மால்புவா இனிப்புத் தின்றுகொண்டிருந்தது கேதார்நாத்தின் மனைவி. "ரெண்டு வருஷமா நிருவும் பிரபாத்தும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்குதுங்க. இவர்கிட்ட நேரா கேட்டா நடக்குமா? மேடையில வச்சு மடக்குன்னு கான்பூர் அண்ணன்தான் யோசனை சொன்னாரு" என்கிறாள் தங்கள் தங்கை.

வக்கீல் சார், மந்தரை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கான்பூரில் இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்! தங்கள் ஆலோசனை இனி வேண்டாம். கல்யாணத்துக்கு மட்டும் வாருங்கள், கொஞ்சம் கூன் போட்டுக்கொண்டு.

உள்ளே நிருவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வழக்கை வாபஸ் வாங்குகிறேன். வாக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்கினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள்.