டியர் சேர் எழுதிய நாலு பக்கம்

லண்டனில் இருந்த டொக்டர்மார் எல்லோரும் சேர்ந்து பார்த்ததைவிட அதிகமாக நோயைப் பார்த்தவர் எங்கள் டியர் சேர். இத்தனைக்கும் அவர் ஒருவரின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை.

டியர் சேர் என்பது அவர் பெயர் அல்ல. தண்ணீர்க் குழாய் திருத்துபவருக்கு எழுதினாலும் அவருடைய கடிதம் 'மை டியர் சேர்' என்றுதான் தொடங்கும். அதனால் கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் தமிழர்கள் அவரை அப்படியே கூப்பிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவர். எண்பதுகளின் நடுவில் எங்களைப் போலவே ஓடிவந்தார். லண்டனில் டொக்டர்மார் சங்கம் ஒன்றின் நூலகத்து நிலவறையில் வேலை கிடைத்தது. இருநூறு வருடங்களுக்கு முந்திய பெயர்பெற்ற வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைத் தூசி தட்டித் தேதிப்படி அடுக்கவேண்டும்.

"ஊரில இருபது வருசம் மற்றவையின்ர கடிதத்தைத் திறக்காமல் இருக்கச் சம்பளம் தந்தவங்கள், தம்பி. இஞ்ச திறக்கிறதுக்குத் தாறாங்கள்."

அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர்கள் நோயாளியைக் காணாமலே வைத்தியம் பார்த்தார்களாம். எங்கோ ஒரு கிராமத்து டொக்டர் நோயாளியின் தூக்கம், இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி லண்டனுக்கு அனுப்புவார். பெரியவர் படித்துவிட்டுப் பதில் போடுவார். கருத்து வேறுபட்டால் மூன்று பக்கம் ஏசிவிட்டு, அடியில் 'தங்கள் பணிவான ஊழியன்' என்று கையெழுத்து வைப்பார்கள்.

"முழுக்க உண்மைதான் எழுதுவினம். கடைசி வரி மட்டும் பொய்" என்பார் டியர் சேர்.

நிலவறையோடு இது நின்றிருந்தால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. ஆங்கிலம் வராத நம் ஆட்களுக்காக எங்கள் குடும்ப டொக்டருக்கும் அவர் அதே பாணியில் எழுதத் தொடங்கினார். மரக்கறிக்கடை சின்னத்துரை அண்ணைக்கு வயிற்றுக்குத்து வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"குத்து எப்ப வாறது?"

"சாப்பிடேக்க."

"என்ன சாப்பிடேக்க?"

"மனிசி சமைச்சதை."

"ஆரோட இருந்து சாப்பிடேக்க?"

சின்னத்துரை அண்ணை யோசித்தார். "மச்சானோட."

அதுவும் கடிதத்தில் ஏறியது. டொக்டர் ஏழு பக்கத்தையும் புரட்டி, ஏழாவதில் மச்சானிடம் வந்து நின்றாராம். மச்சான் வேறு வீடு பார்த்துப் போன மாதமே குத்தும் போய்விட்டது. ஆனாலும் டொக்டர் கெஞ்சினார், இனிமேல் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவேண்டாம் என்று. அதற்குச் சம்மதம் தெரிவித்து டியர் சேர் மூன்று பக்கம் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வாடி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து செய்தி என்றாலே சாவுச் செய்தி என்றிருந்த போர்க்காலம். என் மனைவி தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஆருக்கு என்ன அண்ணை?"

"மாவு அரைக்கிறவன்ர பெண்சாதி. பதினாறு நாள் காய்ச்சல். டொக்டர் வடிவா எழுதியிருக்கிறார். லண்டன்காரர் மருந்தும் சொல்லியிருக்கிறார். அதுக்குப் பிறகு கடிதம் இல்லை."

"எந்த ஊர்ப் பிள்ளை?"

"இங்கிலீஸ்காரி. இருநூறு வருசத்துக்கு முந்தி."

மனைவி தேத்தண்ணியைத் திரும்ப வாங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. "எப்பிடியும் இப்ப செத்திருப்பாள், தெரியும். ஆனா அந்தக் காய்ச்சல் மாறினதோ இல்லையோ? முடிவை ஒருத்தரும் எழுதேல்லையே."

இதற்குள் என் வீட்டிலேயே முடிவு தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எட்டு வயது மகள் மதுரா பேச்சின் நடுவே அப்படியே உறைந்து நின்றுவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பகல்கனவு என்றார்கள். டொக்டரிடம் இரண்டு தரம் கொண்டுபோனோம். அவர் முன்னால் ஒருதரமும் அப்படி நிற்கவில்லை. களைப்பு என்றார். நான் மேசையில் அடித்து, "கவனம் எங்கை போகுது?" என்று கத்தியிருக்கிறேன்.

ஒரு பின்னேரம் கிரீன் ஸ்ட்ரீட்டைக் கடக்கும்போது, கதை சொல்லிக்கொண்டே என் கையை விட்டு இரண்டடி முன்னால் போனவள் நடுத்தெருவில் நின்றாள். கண்கள் திறந்திருந்தன. பஸ் பிரேக் பிடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது நின்றபோது அவள் தோளுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அவளோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்: "பிறகு டீச்சர் என்ன சொன்னவ தெரியுமோ, அப்பா?"

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே டியர் சேரிடம் போனேன். "இது என்ன வருத்தம் அண்ணை?"

"பேர் வைக்கிறது டொக்டர்மாற்ற வேலை. காணுறதுதான் எங்கட வேலை. எவ்வளவு நேரம் நிண்டவள்?"

"தெரியாது."

"இமை வெட்டினவளோ?"

"தெரியாது."

"எட்டு வருசம் ஒரே வீட்டில இருக்கிறியள். அந்த மாவுக்காரன்ர பெண்சாதியைப் பற்றி எனக்கு இதைவிடக் கனக்கத் தெரியும், தம்பி."

சனிக்கிழமை காலை மணிக்கூட்டோடும் கொப்பியோடும் வந்தார். மதுராவோடு கரம்போர்ட் விளையாடினார். வாசிக்கச் சொன்னார், வாய்ப்பாடு கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது தரம் எழுதிக்கொண்டார். அதில் ஒன்று இப்படி: 'பதினொன்று பத்துக்கு, ஏழெட்டு என்றவள் நின்றாள். இமைகள் ஆறு தரம் துடித்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கேட்கவில்லை. பன்னிரண்டு விநாடி. பிறகு ஐம்பத்தாறு என்றாள். விடை சரி.'

நாலு பக்கம். டொக்டர் முதல் பக்கத்தைச் சலிப்போடு எடுத்தார். நாலாவதை முடித்ததும் திரும்ப முதலாவதுக்குப் போனார். பிறகு கடிதத்தையும் சேர்த்து எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே நரம்பு நிபுணர் மதுராவிடம் கடதாசிக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் ஊதியிருப்பாள், எங்கள் கண் முன்னால் நின்றாள். காற்றாடி மட்டும் சுற்றியது. வலிப்பில் இது ஒரு வகை, மருந்து இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர மாறிவிடும் என்றார் நிபுணர். நான் மேசையில் அடித்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிபுணர் டியர் சேருக்கு நன்றிக் கடிதம் போட்டார், 'டியர் டொக்டர்' என்று விளித்து. டியர் சேர் பதறிப்போனார். தான் டொக்டர் அல்ல, தபால் அதிபர் என்று அன்றைக்கே மறுப்பு அனுப்பினார். பதில் ஒரே வரியில் வந்தது: 'அப்படியானால் என் மாணவர்களைத் தபால் கந்தோருக்கு அனுப்பவேண்டும்.'

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "முடிவை எழுதுங்கோ, தம்பி. அந்த டொக்டர்மார் மாதிரி விட்டிடாதேங்கோ."

அவர் இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். நான் வருடம் தவறாமல் எழுதுகிறேன். மதுரா மருந்தை விட்டு நாலு வருடம் ஆகிறது. அவள் பேச்சில் சற்று இடைவெளி விழுந்தால்கூட என் மனம் விநாடி எண்ணத் தொடங்கிவிடும். அதையும் எழுதியிருக்கிறேன்.

போன கிழமை எழுதியது இது: 'மை டியர் சேர், நேற்று மதுரா கிரீன் ஸ்ட்ரீட்டைத் தனியாகக் கடந்தாள். அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய்ப் பார்த்தேன். அவள் ஓரிடத்திலும் நிற்கவில்லை. பத்தொன்பது விநாடி. நான்தான் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.'

அடியில் 'தங்கள் பணிவான ஊழியன்' என்று கையெழுத்து வைத்தேன். என் கடிதத்தில் அந்த வரியும் உண்மை.