உங்கள் தங்கையின் முகம் உப்பியிருந்ததற்கு உண்மையான காரணம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம். தங்கையும் நலம் என்று வழக்கம்போல எழுதப் போன கையை இந்த ஒரு தடவை நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் தாங்கள் இங்கே வந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "மாப்ளே, அவ முகம் ஏன் உப்பினாப்ல இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா தூங்குறா மச்சான், அதான்" என்றேன். "தூங்கட்டும், பாவம்" என்று தாங்களும் வைத்துவிட்டீர்கள். நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று எனக்கும் தோன்றியது. தோன்ற வைத்துக்கொண்டேன் என்பது இன்னும் சரி. உண்மையான காரணத்தைத் தாங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் தையல் கம்பெனியிலிருந்து வந்தவள், கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, "பின்மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க" என்றாள். அங்கே எழுபது மெஷினுக்கு இவள் சூப்பர்வைசர் என்பது தங்களுக்குத் தெரியும். எழுபதும் சேர்ந்து கத்தினால் யாருக்குத்தான் தலை வலிக்காது என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவன், சட்டைப்பையில் மாத்திரை இல்லாமல் இருப்பேனா? ஒன்றை உடைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து, "போயே போச்சுங்க" என்றாள். மச்சான், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவது? கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னால் அவளுக்கு உடனே பலன் கிடைத்த காரியம் அது ஒன்றுதான். மற்ற புருஷன்மார்கள் பூவும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போனார்கள், நான் அட்டை அட்டையாக வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன்.

வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது வாரத்துக்கு நாலு ஆகி, பிறகு தினமும் ஆனது. சத்தம்தான் காரணம் என்று காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தேன். வெளிச்சம்தான் காரணம் என்று வீட்டில் டியூப் லைட்டை எல்லாம் மாற்றினேன், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன், பகலில்கூட ஆள் மேல் ஆள் இடித்துக்கொண்டு நடந்தோம். மாத்திரை வயிற்றைப் பிடித்து எரித்தது, அதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தேன். அந்த மருந்தால் வெளிக்குப் போவது சிரமமானது, அதற்கு ஒரு பொடி. அப்புறம் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா மச்சான்? ஒரு சைஸ் பெரிய செருப்பாக வாங்கிக் கொடுத்தேன். சமையலறையில் ஒரு அலமாரி அடித்து, தட்டுத் தட்டாகச் சீட்டு ஒட்டினேன். "தலை", "வயிறு", "வயிறு (தலை மாத்திரையால்)", "மற்றவை" என்று. கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் மாதிரி யாருக்கு அமையும்?" என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு தடவை, போன வருடம், துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடலாமா?" நான் சிரித்தேன். "காட்டினா என்ன? அவரும் இதே மாத்திரையைத்தான் எழுதுவார். சீட்டைத் தூக்கிட்டு நீ என்கிட்டத்தான் வரணும்" என்றேன். அவளும் சிரித்தாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மச்சான், பத்து நாளாக எனக்குச் சோறு இறங்காமல் இருப்பது இந்த ஒரு பேச்சினால்தான்.

போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய் மத்தியானம் அவளே கடைக்கு வந்தாள். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் வந்த முறைப்படி பார்க்க வேண்டும் என்று, பெண்டாட்டியாக இருந்தாலும் நில் என்பதுபோல் கையைக் காட்டினேன். நியாயமாக நடந்துகொள்கிறேனாம். அவள் முறை வரவில்லை. சுவரைப் பிடித்தாள், வாந்தி எடுத்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு தெரியலைங்க" என்றாள். நான் அவளைத் தூக்குவதற்கு முன்னால் அலமாரியிலிருந்து வாந்திக்கான மாத்திரையை எடுத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாளிதான் என் கையைத் தட்டிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தங்கள் பெரிய மகள் வயசுதான் இருக்கும். "என்னென்ன மாத்திரை எடுத்துக்கிறாங்க?" என்று கேட்டார். கேட்டது அவர், சொல்வது நான், விடுவேனா? பெயர், அளவு, வேளை, எத்தனை வருடம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பாதியிலேயே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் யார் எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"நீங்க டாக்டரா?"

"மருந்துக்கடையில இருக்கேன்."

"அவங்களுக்கு எப்பவாவது பிரஷர் பார்த்திருக்கீங்களா?"

"எங்க கடையில மெஷினே இருக்குங்க."

"மெஷினைக் கேக்கலை. அவங்களுக்குப் பார்த்தீங்களா?"

ஊரில் போகிறவன் வருகிறவன் கைக்கெல்லாம் அந்தப் பட்டையைச் சுற்றியிருக்கிறேன் மச்சான். சும்மா மழைக்கு ஒதுங்கியவனுக்குக்கூடப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இவள் கைக்குச் சுற்றவில்லை. தலைவலி என்றால் மாத்திரை என்று முடிவு செய்துவிட்டவனுக்கு அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். அவளுக்குப் பல வருடமாகவே பிரஷர் எக்கச்சக்கம். தலைவலி அதனால்தான். அது கூப்பிடக் கூப்பிட நான் அதன் வாயைப் பொத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். பொத்தின மாத்திரை பிரஷரை இன்னும் ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதி வேலைகூடச் செய்யவில்லையாம். முகம் உப்பியதும் கால் வீங்கியதும் அதனால்தான், தூக்கத்தினால் அல்ல. "போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் காலி செய்தேன். ஒரு சாக்கு நிறைந்தது. இப்போது பிரஷர் மாத்திரை ஒன்று, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு வாரமாக அவளுக்குத் தலைவலியே இல்லை. அவள் அதைச் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். கடையிலும் நான் பழைய ஆளாக இல்லை. நேற்று ஒருவர் வந்து தலைவலி மாத்திரை ஒரு அட்டை கேட்டார். "எத்தனை நாளா வலி? முன்பக்கமா பின்பக்கமா? பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பாதியிலேயே எதிர்க்கடைக்குப் போய்விட்டார். முதலாளி, "மாத்திரை கேட்டா மாத்திரை குடுய்யா, விசாரணைக் கமிஷன் வெக்காதே" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கேட்க வேண்டிய ஒருத்தியிடம் ஆறு வருடமாகக் கேட்காத வாய் இது.

பதினைந்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள். அனுப்பிவைக்கிறேன். அக்காவைச் சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லவும். தலை வலிக்கிறது என்று சொன்னால் தயவுசெய்து எதையும் கொடுத்துவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து, எப்படி என்று கேட்டுவிட்டு உடனே எனக்கும் டாக்டரம்மாவுக்கும் போன் செய்யவும். அவள் என்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், அதனால்தான் நானே எழுதினேன். தாங்கள் என்ன திட்டினாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். போனில் வேண்டாம், நேரில் திட்டினால் நல்லது.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளும்.

தங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வராத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையை ஒட்டிப் போடச் சொல்லி என்கிட்ட குடுத்தார். படிச்சுட்டேன். அவரைத் திட்டாதே. மூணு வருஷத்துக்கு முன்னாடியே கம்பெனிக்கு நர்ஸ் வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாங்க. எனக்கு நூத்தி எழுபதுக்கு மேல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கனு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. மடிச்சு டிபன் டப்பாவுக்கு அடியில வெச்சேன், கழுவும்போது கரைஞ்சு போச்சு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோமே, திரும்பிக் கூட்டிட்டு வந்தோமா? அந்த பயம்தான். வெறும் தலைவலின்னா மாத்திரையில முடிஞ்சுடும்ல. டாக்டர்கிட்ட காட்டலாமானு அன்னைக்கு நான் கேட்டதுகூட, இவர் வேணாம்னு சொல்லிடுவார்னு தெரிஞ்சுதான். சொன்னதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. இதை நான்தான் அவர்கிட்ட சொல்லணும். ரெண்டு நாளா தொண்டை வரைக்கும் வருது. கல்யாணமாகி முதல் தடவையா பாத்திரம் கழுவிட்டு இருக்கார், முடிக்கட்டும்னு பார்க்கிறேன்.