இரண்டு பூட்டும் ஓர் ஓட்டும்

ஏழு கடல்களில் எந்தக் கடலின் ஓரத்தில் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் ஆழிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே மீன் உண்டு, உப்பு உண்டு. மேடைகளுக்கும் குறைவில்லை. இல்லாதது விறகு ஒன்றுதான். இருந்த காடுகளையெல்லாம் மேடை போடுவதற்காகவே வெட்டித் தீர்த்திருந்தார்கள். ஆகையால் அந்நாட்டின் ஒவ்வோர் அடுப்பும் கப்பலில் வரும் எண்ணெயை நம்பியே எரிந்தது.

நாட்டைக் குடைக் கட்சி ஆண்டது. அக்கட்சியின் உறுப்பினராக மாமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் வேண்மாள். துறைமுக வாசலில் சோற்றுக்கடை நடத்துபவள். ஒரு பெரும்புயலின்போது பதினோரு நாள் அடுப்பை அணைக்காமல், சுமைதூக்கிகளையும் கரையொதுங்கிய அயல்நாட்டு மாலுமிகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். துறைமுகமே அவளைக் கும்பிட்டது. அதைக் கவனித்த கட்சி அவளைத் தேர்தலில் நிறுத்தியது, வென்றாள். நான்காண்டுகளில் மன்றத்தில் அவள் பேசியது ஒரே ஒரு முறை. சாரல் அடிக்கிறது, சன்னலைச் சாத்துங்கள் என்றாள். அதுவும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

அப்படியிருக்கையில், ஆயிரம் காதத்துக்கு அப்பால் கற்பட்டணமும் மணற்பட்டணமும் ஒரு குறுகிய கடல்வழி யாருக்குச் சொந்தம் என்று போரில் இறங்கின. எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கப்பல்கள் நின்றன. எண்ணெய் விலை ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டு அரிசி, பருப்பு, படகுக்கூலி, சவரக்கூலி எல்லாம் ஏறின.

அரசு சும்மா இருக்கவில்லை. 'விலையேற்றம்' என்ற சொல்லை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது, 'விலை எழுச்சி' என்றே சொல்ல வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. சந்தையில் ஒரு மீன்காரி வாய்தவறிப் பழைய சொல்லைச் சொல்லிவிட்டு மூன்று நாள் சிறையில் இருந்தாள். சிறையில் சூடான கஞ்சி கிடைக்கிறது என்று தெரிந்ததும் மறுவாரம் முந்நூறு பேருக்கு வாய்தவறியது. ஆகவே இரண்டாம் ஆணை சிறைக் கஞ்சியை நிறுத்தியது. மூன்றாம் ஆணை, மூடி போடாமல் சமைப்பதைக் குற்றமாக்கியது. அதற்கென்று நியமிக்கப்பட்ட நானூறு மூடி ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய், உள்ளே உண்மையிலேயே ஏதேனும் வேகிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அரை மணியில் வேகும் சோறு ஒரு மணி நேரம் வெந்தது. எண்ணெய்ச் செலவு இரட்டிப்பானது. வேண்மாள் தன் கடையில் உலை வைப்பதை விட்டுவிட்டு, ஊறவைத்த அவலும் மோரும் கொடுத்தாள்.

இதற்குள் கட்சி இரண்டாகப் பிளந்துவிட்டது. தலைவர் பெருஞ்சாத்தரை மணற்பட்டணத்து மன்னர் ஒரு விழாவில் மூன்று முறை கட்டித் தழுவியிருக்கிறார். ஆகவே நாம் மணற்பட்டணத்தின் பக்கம் என்றார் தலைவர். துணைத் தலைவர் நன்மாறரின் மகள் கல்யாணத்துக்குக் கற்பட்டணத்து மன்னர் ஒரு வெள்ளைக் குதிரை அனுப்பியிருந்தார். ஆகவே நீதி கற்பட்டணத்தின் பக்கம் என்றார் துணைத் தலைவர். தலைவரின் ஆட்கள் விரித்த குடை அணி ஆனார்கள். துணைத் தலைவரின் ஆட்கள் மடக்கிய குடை அணி ஆனார்கள். கட்சி அலுவலகத்தின் நடுவே கயிறு கட்டப்பட்டது. கழிப்பறை துணைத் தலைவர் பக்கம் விழுந்துவிட்டதால் தினமும் காலையில் பேச்சுவார்த்தை நடந்தது.

நெருக்கடிக் காலத்துக்கென்று அரசு ஒரு கிடங்கு நிறைய எண்ணெய் சேர்த்துவைத்திருந்தது. அதன் சாவி தலைவரிடம் இருந்தது. திறந்து கொடுத்தால் தலைவருக்குப் பெயர் வந்துவிடும் என்று அஞ்சிய துணைத் தலைவர், கதவில் இன்னொரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு பூட்டுக்கு உள்ளே எண்ணெய் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் காலையில் மகப்பேறு மனையின் மருத்துவச்சி செவந்தி, அவல் ஊறவைத்துக்கொண்டிருந்த வேண்மாளைத் தேடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“அக்கா, இந்த வாரம் மட்டும் பதினாறு பிரசவம். கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்கச் சொட்டு எண்ணெய் இல்ல. வெறும் உப்புத் தண்ணியில கழுவுறோம். ரெண்டு தாய்க்குச் சுரம் கண்டு கிடக்குது. ஒருத்திக்கு நெனவே இல்ல.”

“கிடங்குல கேட்டியா?”

“கேட்காம இருப்பனா? இவங்க அவங்களைக் கேளுங்கறாங்க, அவங்க இவங்களைக் கேளுங்கறாங்க. வாசல்ல நின்ன காவலாளி மட்டும்தான், பொறந்தது ஆணா பொண்ணான்னு விசாரிச்சான்.”

நான்கு ஆண்டுகள் ஒரு நாற்காலியைத் தேய்த்ததைத் தவிரத் தான் என்ன செய்தோம் என்று நினைத்தபோது வேண்மாளுக்கு உடம்பு கூசியது.

மறுநாள் நண்பகலில் மாமன்றத்தில் ஓட்டெடுப்பு இருந்தது. மணற்பட்டணத்தை ஆதரிக்கத் தலைவர் ஒரு தீர்மானமும், கற்பட்டணத்தை ஆதரிக்கத் துணைத் தலைவர் ஒரு தீர்மானமும் கொண்டுவருகிறார்கள். அவையில் நாற்பத்தொரு பேர். இருபது பேர் இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம். இன்னும் எந்தப் பக்கமும் போகாதவள் வேண்மாள்தான். ஏனென்றால் அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

செவந்தி வந்துபோன அன்றே பிற்பகலில் தலைவர் பெருஞ்சாத்தரே பல்லக்கில் சோற்றுக்கடைக்கு வந்து இறங்கினார்.

“அம்மையீர், வரலாறு தங்கள் விரல் நுனியில் வந்து நிற்கிறது. தங்களுக்கு எந்தத் துறை வேண்டும்?”

“தொறை எல்லாம் வேணாம் தலைவரே. கிடங்குச் சாவியை எங்கிட்ட குடுத்துவையுங்க. நாளைக்கு உங்க தீர்மானத்துக்குக் கை தூக்குறேன். சத்தியம்.”

தலைவர் யோசித்தார். எதிரியின் பூட்டு இருக்கும்வரை இந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒன்றைக் கொடுத்து ஓர் ஓட்டை வாங்குவது அரசியலில் அவருக்கு நெடுநாள் பழக்கம். கொடுத்தார்.

பல்லக்கு முனை திரும்பியதும் வெள்ளைக் குதிரையில் துணைத் தலைவர் நன்மாறர் வந்தார். அவரிடமும் வேண்மாள் அதையே கேட்டாள், அதே சத்தியத்தைச் செய்தாள். அவரும் அப்படியே யோசித்தார். அவரும் கொடுத்தார்.

விடிந்து வெயில் ஏறியதும் வேண்மாள் செவந்தியையும் நாற்பது சுமைதூக்கிகளையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். உரிய சாவிகளால் இரண்டு பூட்டும் திறந்ததைப் பார்த்த காவலர்கள் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்கள். முதல் வண்டி மகப்பேறு மனைக்குப் போனது. அதன்பிறகு வீட்டுக்கு ஒரு படி. வந்தவர் விரித்த குடையா மடக்கிய குடையா என்று அவள் கேட்கவில்லை. வரிசையில் ஒரு மூடி ஆய்வாளரும் தலையைக் குனிந்தபடி நின்றார். “பாத்திரத்தை நல்லா நீட்டுப்பா, சிந்திடப் போவுது” என்று அவருக்கும் ஊற்றினாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்று ஊர் முழுவதும் தாளிக்கும் வாசனை எழுந்தது.

நண்பகலில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கையோடு அவைக்கு வந்தாள். தலைவரின் தீர்மானம் வந்தது, கை தூக்கினாள். அது நிறைவேறியது. துணைத் தலைவரின் தீர்மானம் வந்தது. அதற்கும் கை தூக்கினாள். அதுவும் நிறைவேறியது. ஒன்றையொன்று அழிக்கப் போரிட்ட இரண்டு நாடுகளையும் ஆழிமங்கலம் ஒரே நாளில் முழுமூச்சாக ஆதரித்தது. போரிட்ட இரு நாடுகளும் அதைக் கவனிக்கவில்லை.

தலைவரும் துணைத் தலைவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பல மாதங்களில் அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் முறை. கயிறு அன்று மாலையே அவிழ்க்கப்பட்டது. ஒன்றுபட்ட குடைக் கட்சி எடுத்த முதல் முடிவு, வேண்மாளை நீக்குவது. விசாரணையில் தலைவர் குற்றச்சாட்டைப் படித்தார்:

“நெருக்கடிக் காலத்துக்கென்று சேமித்துவைக்கப்பட்ட எண்ணெயை, நெருக்கடிக் காலத்தில் மக்களுக்கு வழங்கினீர். மறுக்கிறீரா?”

“மறுக்கலைங்க.”

“கட்சிக்கு இழைத்த துரோகத்துக்கு வருந்துகிறீரா?”

“நெனவு தப்பிக் கிடந்த அந்தத் தாய்க்கு நேத்து சாயங்காலம் நெனவு திரும்பிடுச்சுங்க. அவ புள்ளை பால் குடிக்குது. இன்னும் நாலு நாள் முன்னாடியே சாவியைக் கேட்டிருக்கலாமேன்னுதான் வருத்தமா இருக்கு.”

அவளுடைய பதவி பறிபோனது. அவள் கடைக்கு முன்னால் நடக்கக்கூட ஊரார் அஞ்சும்படி இரண்டு சேவகர்களை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் சேவகர்கள் அவளிடமே சாப்பிட்டுவிட்டுக் காவலைத் தொடர்ந்தார்கள். பெரிய பதவி போன துக்கம் முகத்தில் தெரிகிறதா என்று பார்க்க வந்தவர்களெல்லாம் ஏமாந்து போனார்கள். அவள் முன்னைவிட உரக்கப் பேசினாள், உரக்கச் சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்துப் போர் முடிந்தது. கற்பட்டணமும் மணற்பட்டணமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்திகள் ஆயின. ஆழிமங்கலத்துத் துறையில் எண்ணெய்க் கப்பல்கள் நிற்க இடமில்லாமல் நின்றன. விலை மட்டும் இறங்கவில்லை. கேட்டவர்களுக்கு எண்ணெய் அமைச்சர் விளக்கம் தந்தார்: “போர் முடிந்துவிட்டதாக இந்த அரசுக்கு முறைப்படி ஓலை எதுவும் வரவில்லை. வதந்தியை நம்பி விலையைக் குறைக்க இயலாது.”

வேண்மாள் ஓர் ஓலை எழுதினாள். அதில் ஒரே வரி: 'போர் முடிந்துவிட்டது.' கீழே கையெழுத்துப் போடத் துறைமுகமே வந்தது, மீன்காரிகள் வந்தார்கள், செவந்தி மகப்பேறு மனையின் தாய்மார்களைக் கூட்டி வந்தாள். ஓலைக்கு மேல் ஓலை தைக்க வேண்டியிருந்தது. பட்டப்பகலில் எல்லோருமாக அதைத் தூக்கிக்கொண்டு தலைவரின் அரண்மனைக்கு நடந்தார்கள்.

வாசலுக்கு வந்த எண்ணெய் அமைச்சர் ஓலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதை அனுப்பும் அதிகாரம் தங்களுக்கு எவர் அளித்தது?”

வேண்மாள் சொன்னாள்: “அங்க மொதக் குண்டு விழுந்தது ஒரு காலையில. இங்க அன்னிக்குச் சாயங்காலமே விலை ஏறிடுச்சு, பழைய விலைக்கு வாங்கின எண்ணெய் கடைக்குக் கடை இருக்கும்போதே. அன்னிக்கு உங்களுக்கு யாருங்க ஓலை போட்டா?”

கூட்டம் ஆரவாரம் செய்யவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றது. அதுதான் அமைச்சரை அச்சுறுத்தியது. அவர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே தலைவர் பெருஞ்சாத்தர், தெருக்கோடிவரை நின்ற தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற துணைத் தலைவரிடம் மெல்லக் கேட்டார்:

“தேர்தலுக்கு இன்னும் எத்தனை நாள்?”

“நாற்பது நாள், தலைவரே.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாடத்தின் விளிம்புக்கு வந்தார்.

“என் அருமை மக்களே, போர் முடிந்துவிட்டது!”