வலது சக்கரத்து எண்ணெய்

“கோட்டுக்கு ஒரு நூல் கீழ நிக்குது” என்றார் ஹபீப் முகம்மது, வண்டியின் வலது முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்தபடி.

“எது?” என்று வண்டிக்குள்ளிருந்து கேட்டாள் அவர் மனைவி ஆசியா உம்மாள்.

“எண்ணெய்.”

“அடுப்பு மேடையில ரெண்டு லிட்டர் இருக்கே.”

“சமையல் எண்ணெய் இல்ல ஆசியா. வீல் பேரிங் எண்ணெய்.”

ஆசியா உம்மாள், வண்டிக்குள் அடுக்க வைத்திருந்த தேயிலை டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தக் குரல் தெரியாதா?

அன்று வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு மேலப்பாளையத்தை விட்டுக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் மகள் மர்வா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதாக ஏற்பாடு. ஞாயிறு மதியம் மர்வாவின் பெண் குழந்தைக்கு நாற்பதாம் நாள். அன்றுதான் பெயர் வைக்கிறார்கள். குழந்தையின் காதில் பெயரைச் சொல்லப் போவது ஹபீப் முகம்மது.

இது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. தன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பெயர் வைத்தபோது அவர் சவூதியில், தம்மாமில் இருந்தார். மூத்தவன் பெயரைக் கடிதத்தில் படித்தார். இரண்டாமவன் பெயரை யாரோ கொண்டுவந்த கேசட்டில் கேட்டார். மர்வாவின் பெயரை டெலிபோனில் கேட்டு, வரிசையில் பின்னால் நின்றவன் அவசரப்படுத்தியதால் பாதியில் வைத்துவிட்டார். பேத்தி விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வண்டியும் லேசுப்பட்டதல்ல. ஓடி ஓய்ந்த மினி பஸ் ஒன்றை வாங்கி, கங்கைகொண்டான் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு மாதம் போட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கிரீஸ் போதும் என்று பட்டறைக்காரர் கெஞ்சியும் கேட்காமல், எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு அச்சைத் தேடிப் பிடித்து மாட்ட வைத்தார். அந்த அச்சில் சக்கரத்தின் நடுவே ஒரு கண்ணாடி மூடி இருக்கும். மூடிக்குள் எண்ணெய் தெரியும். கண்ணாடியில் ஒரு கோடு. எண்ணெய் கோட்டில் நிற்க வேண்டும். குறைந்தால் மூடியின் நடுவிலுள்ள ரப்பர் அடைப்பானை எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

தம்மாமில் ஒரு லாரிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் அவர் பார்த்த வேலையே அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது. லாரியைக் கிளப்புவது மற்றவர்கள் வேலை. கிளம்பவிடாமல் நிறுத்துவது ஹபீப் முகம்மதுவின் வேலை.

“அஞ்சு நிமிசம்” என்று சொல்லி, வலது சக்கரத்தில் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றினார். திருப்தியோடு எழுந்தவர் இடது சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அங்கே எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. பெரிய ஊசி ஒன்று வாங்கி வந்து, அதிகப்படியை உறிஞ்சி எடுத்தார். அதற்குள் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

“இனி வெயில்ல எதுக்கு? நாளைக்குப் போவோம்” என்றாள் ஆசியா உம்மாள்.

அன்று சாயங்காலமே தெரு திரண்டுவிட்டது. வெளியூர் போகிறவர் கையில் பார்சல் கொடுக்காமல் அனுப்பினால் மேலப்பாளையத்துக்கு உறக்கம் வராது. விமானத்தில் போகிறவருக்கே முப்பது கிலோ சேர்த்துக் கொடுக்கிற ஊர், வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவரைச் சும்மா விடுமா? எதிர்வீட்டு நஸீமா பத்து கிலோ சீரகச் சம்பா அரிசி கொண்டுவந்தாள். அடுத்த வீட்டிலிருந்து நெய் வந்தது. முந்திரி, கிஸ்மிஸ், கறிமசாலா, ஒரு சாக்குப் பெரிய வெங்காயம்.

“சென்னையில வெங்காயம் கெடைக்காதாம்மா?” என்று கேட்டார் ஹபீப் முகம்மது.

“கெடைக்கும் மாமா. ஆனா மர்வாவுக்கு நான் குடுத்த மாதிரி இருக்குமா?” என்றாள் நஸீமா, ஆசியா உம்மாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலை ஆசியா உம்மாள் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து வண்டியருகில் கட்டினாள்.

“இது என்ன?”

“அகீகாவுக்கு. பேர் வைக்கும்போது அறுக்க வேண்டாமா?”

“ஆட்டையுமா சென்னைக்குக் கொண்டு போவ?”

“நம்ம ஊரு ஆடு மாதிரி வருமா? குளியலறையில நிக்கட்டும்.”

வண்டி, வலது பக்கம் வீட்டைப் பார்த்து நின்றது. கதவோ இடது பக்கம். மூட்டைகளையும் ஆட்டையும் வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் ஏற்ற முடியாது என்று ஆசியா உம்மாள் சொல்ல, வண்டியைத் திருப்பி நிறுத்த முடிவாயிற்று. அந்தத் தெருவில் ஆட்டோவே யோசித்துத்தான் திரும்பும். வண்டி பின்னோக்கியே பெரிய தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. “வாங்க, வாங்க” என்று முன்னால் இரண்டு பேர் சொல்ல, “போதும், போதும்” என்று பின்னால் நான்கு பேர் சொல்ல, இரண்டு மணி நேரம் ஆனது.

நிறுத்தியவுடன் பழக்கம் விடவில்லை. டார்ச்சை எடுத்தார்.

நேற்று ஊற்றிய வலது சக்கரத்தில் எண்ணெய் கோட்டுக்கு மேலே ததும்பியது. நேற்று உறிஞ்சிய இடது சக்கரத்தில் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஆசியா, எண்ணெய் இடது பக்கத்துலேருந்து வலது பக்கத்துக்குப் போயிருக்கு.”

“அதுக்கு வழி இருக்கா?”

“இல்ல. அதான் பயமா இருக்கு.”

பயம் பொய்யில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இடது பக்கம் கசிகிறதோ என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தரையைத் தடவினார். ஒரு சொட்டு இல்லை. ஜும்ஆவுக்குப் போய் வந்து மறுபடி படுத்தார். தொழுகையில் எண்ணெயைத் தவிர வேறு ஞாபகம் வரவில்லை என்பதை நினைத்து, அந்த வருத்தத்தோடு இரண்டு சக்கரத்திலும் இருந்த எண்ணெயை மொத்தமாகவே இறக்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் பாவா வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் கேட்டான். அதைத் தெருவில் கொட்டினான். தண்ணீர் வண்டிக்கு அடியில் புகுந்து, எதிர்ப்பக்கத்துச் சாக்கடையை நோக்கி நேராக ஓடியது.

“அண்ணாச்சி, தண்ணி எங்கன போவுது?”

“சாக்கடைக்கு.”

“தெரு அந்தப் பக்கம் சரிஞ்சு கெடக்கு. நேத்து வண்டியத் திருப்பினதுல மேட்டுல நின்ன சக்கரம் பள்ளத்துக்கு வந்துட்டு. தண்ணி சரியுது. அப்போ எண்ணெய் மட்டும் சரியாம நிக்குமா?”

ஹபீப் முகம்மது அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்மாமில் கொட்டகை முழுக்கச் சிமென்ட் தளம். மட்டம் பார்த்துப் போட்டது. தரை சரிந்திருக்கும் என்று யோசிக்க இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

“அப்போ மொத நாள் எண்ணெய் சரியாத்தான் இருந்துதா?”

“சரியாத்தான் இருந்திருக்கும்.”

சாக்கடைப் பக்கத்துச் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பலகை கொடுத்து, வண்டியை மட்டமாக்கினார்கள். பாவா புது எண்ணெய் வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் கோட்டில் வந்து நின்றது. எல்லாம் முடிந்து, இடது சக்கரத்தின் ரப்பர் அடைப்பானை எடுக்கக் கையை நீட்டினார் ஹபீப் முகம்மது. படிக்கட்டில் வைத்த அடைப்பானைக் காணவில்லை. ஆடு எதையோ நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“ஏலே பாவா, அது வாயைத் தொற.”

பாவா திறப்பதற்குள் ஆடு விழுங்கிவிட்டது.

திருநெல்வேலி டவுண் முழுக்க அலைந்து, அதே அளவில் ஓர் அடைப்பானோடு பாவா திரும்பும்போது மணி நான்கு. “ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துருவோம்” என்றான். ரெட்டியார்பட்டி வரைக்கும் போய் வந்து, பலகையில் ஏற்றிப் பார்த்தால் கண்ணாடிக்குள் எண்ணெய் நுரைத்துக் கிடந்தது. கோடே தெரியவில்லை.

“ஓடி வந்த சூட்டுல பாக்கக் கூடாது. அடங்கணும்” என்றார் ஹபீப் முகம்மது. சொல்லிவிட்டு அவரே தலையில் கைவைத்தார். அடங்குவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் அவர் வண்டி ஓட்டுவதில்லை; சென்னையை மறந்துவிட வேண்டியதுதான்.

“ஆசியா, பஸ்ஸுல போயிருவமா?”

“ஆட்டையும் அரிசி மூட்டையையும் எந்த பஸ்ஸுல ஏத்துவான்? நீங்க குளிச்சிட்டுச் சாப்பிடுங்க. மர்வாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

“அவகிட்ட என்னத்தச் சொல்லுவ?”

“நெலவரத்தச் சொல்லுவேன்.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தவறியதற்காவது கடல் குறுக்கே இருந்தது. இப்போது குறுக்கே இருந்தது ஒரு நூல் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டார்ச்சைத் தொடவில்லை. வண்டியின் படிக்கட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஆட்டைக் காணோம். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். சென்னையில் இந்நேரம் எல்லாரும் வந்திருப்பார்கள். பெயரை மருமகனின் வாப்பா சொல்லுவார். நல்ல மனுஷன், குரலும் கணீரென்று இருக்கும். அதை நினைத்தபோது ஹபீப் முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. வண்டிக்குப் பின்னால் வந்து நின்றது. முதலில் ஒரு பெட்டி இறங்கியது. பிறகு மருமகன் முஹ்சின் இறங்கினான். பிறகு, வெள்ளைத் துணிப் பொதியை நெஞ்சோடு அணைத்தபடி மர்வா.

“வாப்பா, கைய நீட்டுங்க.”

“கையில எண்ணெய்க் கறை இன்னும் போகல தாயி.”

“பரவால்ல. பிடிங்க.”

சட்டையில் நாலு தடவை துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை கொட்டாவி விட்டது. இத்தனை சின்ன வாயை அவர் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் மூன்று பேரும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு அறிமுகமானார்கள்.

“என்னால ஒங்களுக்கு எவ்வளவு அலைச்சல்” என்றார் முஹ்சினிடம். “நேத்து சாயங்காலம் சொல்லி, எப்படி மருமகனே ரயில்ல எடம் கெடச்சுது?”

முஹ்சின் மாமியாரைப் பார்த்தான். மாமியார் வானத்தைப் பார்த்தாள்.

“கெடச்சுது மாமா” என்றான் முஹ்சின்.

நஸீமாவும் இன்னும் நான்கு பெண்களும் கேட்காமல் கொள்ளாமல் வண்டிக்குள் ஏறி, அரிசி, நெய், வெங்காய மூட்டை என்று ஒவ்வொன்றாக இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஹபீப் முகம்மது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“நான் மட்டும் வியாழக்கிழமை அந்தக் கண்ணாடியப் பாக்காம இருந்திருந்தா, இந்தப் பச்சப்புள்ளைக்கு இத்தன கஷ்டம் வந்திருக்காது ஆசியா. பேசாம வண்டிய எடுத்திருந்தா நாம இப்ப சென்னையில இருப்போம்.”

“நடந்தது நடந்துட்டு. பேரு மறந்துராம இருங்க, அது போதும்” என்றாள் ஆசியா உம்மாள்.

வண்டியின் மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். பந்தல்காரர் அம்மையப்பன், வண்டியின் கூரைக் கம்பியில் கயிற்றைச் சுற்றிச் சாமியானாவின் ஒரு முனையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னவே, வண்டியிலயா கட்டுதீரு? அவுரும்வே. நாளைக்கே இத எடுத்தாலும் எடுப்பேன்.”

அம்மையப்பன் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“அந்தப் பக்கத்துக்குப் பந்தக்கால் ஊன வேண்டாம், ஞாயித்துக்கெழமையும் வண்டி இங்கனதான் நிக்கும், அதுலயே கட்டிருங்கன்னு அக்கா புதன்கிழமையே வந்து சொல்லிட்டுப் போனாங்களே அண்ணாச்சி.”