கார்டு எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

தெரியாத ஒன்றைத் ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு இருபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. கேட்டவர் ஊருக்குப் புதியவர் என்றால் இரண்டு பதில்கூட உண்டு. அந்தப் பழக்கம் என்னை விட்டுப்போன கதை இது. (விட்டுப்போனதாக நான் சொல்கிறேன். வீட்டில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.)

ஐரோப்பாவில் யுத்தம் மூளுவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு சீமைப் பெருச்சாளிகளும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா விட்டுச்சென்றவை. பேர்தான் பெருச்சாளி. பார்க்க முயல்குட்டி மாதிரி இருக்கும், வால் கிடையாது, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும்.

அம்மா முதல் வாரம் அவை இருந்த பெட்டிப் பக்கமே வரவில்லை. இரண்டாம் வாரம் ஒன்றுக்கு வெள்ளையன், மற்றதற்குச் செவலை என்று பேர் வைத்தாள். மூன்றாம் வாரம் ஆற்றங்கரைக்குப் போய் மடி நிறைய அருகம்புல் பறித்து வந்தாள். இரண்டும் கூடப்பிறந்தவை, இரண்டும் ஆண். ஒன்றின் முதுகில் ஒன்று தலைவைத்துத்தான் தூங்கும். ஒன்றை வெளியே எடுத்தால் மற்றது புல்லைத் தொடாது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பேர் எஸ்தர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவள் அப்பா, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. எல்லாம் பேசி முடிந்து, ஐயர் வந்து ஜெபம் செய்து நாள் குறிப்பது மட்டும் பாக்கி. (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.)

அவர்கள் வீட்டிலும் இரண்டு சீமைப் பெருச்சாளிகள் இருந்தன. மே மாத வெயிலில் ஒன்று செத்துப்போயிற்று. மிஞ்சியதன் பேர் கார்டு. பசி வந்தால் ரயில்வே கார்டு மாதிரி விசில் அடிக்கும் என்பதால் அந்தப் பேர். கூட்டாளி போனபிறகு அது விசிலை நிறுத்திவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எஸ்தரின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, அது ஒத்தையில கெடந்து காயுது. புல்லப் போட்டா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிடுது. எம் மவளும் சரியாச் சாப்பிட மாட்டேங்கா. ஒங்க வீட்ல ரெண்டு கெடக்குல்லா, அதுகளோட சேத்து விட்டா என்ன?”

பின்னால் நின்ற எஸ்தர் என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, தன் அப்பாவிடம் சொன்னாள்: “அந்த ரெண்டும் சேந்தே வளந்ததுப்பா. மூணாவதா ஒண்ணு வந்தா பொறுக்குமோ என்னமோ. சேக்கதுன்னா ஒரு வாரமாவது பக்கத்துப் பக்கத்துப் பெட்டில வச்சு வாசன பழக விடணும். அப்பவும் ஒத்துக்கிடலன்னா திருப்பிக் கொண்டாந்துரணும்.”

அந்த விஷயத்தில் அறியவேண்டியது அவ்வளவுதான். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை எழுதவேண்டி வந்திருக்காது.

“அதெல்லாம் வேண்டாம் மாமா. நான் பிராணி சாஸ்திரம் வாசிச்சவன்” என்றேன். (வாசித்ததில்லை. அந்தத் தலைப்பில் ஒரு புத்தகம் பள்ளிக்கூட அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.) “ஆண் பிராணி மூணும் ஒரு நிமிசத்துல ஒத்துப்போவும்.”

“கார்டு ஆணா?” என்றாள் எஸ்தர். இந்த முறை என்னைப் பார்த்தே கேட்டாள்.

“விசில் அடிக்கதுலயே தெரியலியா?” என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “ஏலே சாமுவேலு, அதுக ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாக் கெடக்கு. நடுவுல எதுக்குலே ஒண்ணக் கொண்டு தள்ளுத?”

“ஒனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண்ணைக் கூட்டிவரும் வழக்கம் கிடையாது. கார்டு வேறு யார் கைக்கும் அடங்காது என்பதால் எஸ்தரும் கூடையோடு வந்தாள். ஐயர் வந்தார். ஆள் உயரமும் பருமனுமாக இருப்பார். கணுக்கால் வரை வெள்ளை அங்கி. அம்மா முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஐயர் எழுந்து நின்று கண்ணை மூடினார். எல்லாரும் மூடினார்கள்.

நான் மூடவில்லை. ஐயர் ஜெபம் எப்படியும் கால் மணி நேரம் போகும். அவர் ‘ஆமென்’ சொல்லும்போது மூன்றும் கட்டிப்பிடித்துத் தூங்குவதை எல்லாரும் பார்க்கவேண்டும், எஸ்தர் என்னை ஆச்சரியமாகப் பார்க்கவேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே பையக் கூடையைத் திறந்து, கார்டை எடுத்து, என் பக்கத்தில் சுவரோரம் இருந்த பெட்டிக்குள் விட்டேன். பாவம், அது மெலிவில் என்னை எதிர்க்கக்கூட இல்லை.

கார்டு நேராகப் புல்லண்டை போய் உட்கார்ந்தது. ஒரு வாய் மென்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பல்லோடு பல் உரசுகிற கடகட சத்தம். அது கார்டு இல்லை. வெள்ளையனும் செவலையும். பிறந்த நாள் முதல் ஒரு சின்ன முறுமுறுப்புகூட இல்லாத அந்த இரண்டும் பின்னங்காலில் எழும்பி, ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்து உருண்டன. செவலையின் காது கிழிந்து ரத்தம் வந்தது. விலக்கிவிடக் கையை நுழைத்தேன். வெள்ளையன் என் கட்டைவிரலைக் கவ்வினான்.

“ஐயோ ஆண்டவரே!” என்று அலறிவிட்டேன்.

என் பக்திவைராக்கியம் என்று நினைத்து ஐயர் குரலை இன்னும் உயர்த்தினார். நான் கையை உதறிய வேகத்தில் பெட்டி கவிழ்ந்தது. தப்பித்த செவலைக்குக் கண்ணில் பட்ட முதல் இருட்டு ஐயரின் அங்கிக்குள்தான் இருந்தது. ஐயர் ஜெபத்தை நிறுத்தாமலே பெஞ்சின்மேல் ஏறினார். அவ்வளவு பாரம் தாங்காமல் பெஞ்சு சாய்ந்தது. ஐயர் என் வருங்கால மாமனாரின் மடியில் வந்து விழுந்தார். முந்திரிக்கொத்து நாலு திசையிலும் உருண்டது.

செவலை அம்மாவின் மடிக்கு வந்து சேர்ந்தது. வெள்ளையனையும் கார்டையும் காணோம். வாசற்கதவு திறந்து கிடந்தது. அடுத்த வீட்டில் பூனை. நான் ரத்தம் சொட்டும் விரலோடு முற்றத்துக்கும் தெருவுக்குமாக ஓடினேன்.

எஸ்தர்தான் அடக்கினாள். “யாரும் ஓடாதீங்க. கதவச் சாத்திட்டு பைய உக்காருங்க. பேசாண்டாம்.”

உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில், நெல் கொட்டிவைக்கிற குலுக்கைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு விசில் கேட்டது. மே மாதத்துக்குப் பிறகு கார்டு அடித்த முதல் விசில். பக்கத்தில் வெள்ளையன், ஒன்றும் நடக்காத மாதிரி, அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

எஸ்தர் கார்டைக் கூடையில் வைத்து மூடினாள். “வாங்கப்பா, போவலாம்” என்றாள். நாள் குறிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் செவலையின் காதுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, “நீ என்னலே பண்ணின, ஒண்ணும் பண்ணலியே” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்கத் தினமும் முயன்றேன். ஒன்றையொன்று பார்த்ததும் அந்தக் கடகட சத்தம். கடைசியில் பெட்டிக்கு நடுவே கம்பிவலை அடித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. எஸ்தரின் அப்பாவுடைய எழுத்து.

‘தங்கள் இல்லத்திலிருந்து ஒரே உருப்படியாகத் திரும்பி வந்த கார்டு, இன்று காலை நான்கு உருப்படிகளாகக் காணப்படுகிறார். கூடுதலாக வந்துள்ள மூன்றும் மிகச் சிறியவை, நல்ல நிலையில் உள்ளன, அவற்றில் இரண்டு வெள்ளை. அனுப்பியவர் நேரில் வந்து விளக்கம் தரவும்.’

அன்று சாயங்காலமே பாலத்தைக் கடந்து போய் நின்றேன். மாமனார் சிரிப்பை அடக்க முடியாமல், “கல்யாணத்துக்கு முந்தி எங்க வீட்டுப் பொண்ண இப்படிப் பண்ணிட்டேரே வே!” என்றார். நான் தரையைப் பார்த்தேன். கார்டு தன் மூன்று குட்டிகளோடு புல் மென்றுகொண்டிருந்தது. பளபளவென்று இருந்தது.

எஸ்தர் கேட்டாள்: “ஒங்க வீட்ல அந்த ரெண்டும் இப்ப சேந்துட்டா?”

‘ஆமா’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஏனோ வரவில்லை.

“இல்ல. சேரல. நாந்தான் கெடுத்தேன். நடுவுல வல அடிச்சிருக்கேன். ஆனா தூங்கும்போது ரெண்டும் வலையோட ஒட்டிக்கிட்டு, முதுகோட முதுகு சாச்சுத்தான் தூங்குது. அத எடுத்துவிடலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல.”

அவள் குனிந்து கார்டுக்கு இன்னொரு பிடி புல் போட்டாள். பிறகு, “எடுக்காண்டாம். அப்படியே இருக்கட்டும்” என்றாள். தன் அப்பா பக்கம் திரும்பி, “ஐயரக் கூப்பிடுங்கப்பா” என்றாள்.

வெள்ளையனும் செவலையும் கடைசிவரை அந்த வலைக்கு இரண்டு பக்கமாகத்தான் வாழ்ந்தன. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

கல்யாணத்தில் ஐயர் ஜெபம் செய்வதற்கு முன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்புறந்தான் கண்ணை மூடினார். அந்தக் காட்சியை எஸ்தர் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது ஜெபம் தொடங்கினால், என் பிள்ளைகளும் மருமகள்களும், கண்ணை மூடுவதற்கு முன்னால் வரிசையாகக் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொள்கிறார்கள்.