சைகோன்காரர் மகளைப் பள்ளியில் சேர்த்த கதை

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்கிற தாய்மார்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் நாள் பரீட்சை பிள்ளைக்கு மட்டும் இல்லை. என் மகள் கமலம் அன்றைக்கு மதாம், அதாவது டீச்சரம்மா, கேட்டதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொன்னாள். ஊமையாக நின்றது நான்தான். வகுப்பு நிறையக் குழந்தைகள் பார்க்க, ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்றும் தலையைத் தூக்கிப் பார்க்க, என் மானத்தை நானே ஏலம் போட்டுவிட்டு வந்தேன்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி அப்போது. பாகூர் ஏரித் தண்ணீரில் விளையும் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். கரிக்கலாம்பாக்கம் சந்தைக்கு நடந்தே போய்வரலாம். வீட்டில் நானும் கமலமும் மட்டும். என் வீட்டுக்காரர் சைகோனில் ஒரு தமிழர் துணிக்கடையில் வேலையாக இருந்தார். கமலம் வயிற்றில் இருக்கும்போது கப்பலேறினவர். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் குடும்பம் இருந்தது. பாகப் பிரிவினையில் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. (கிணற்றில் தண்ணீரும் கிடையாது. அது வேறு விஷயம்.)

அவரிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்த வரைக்கும் நாட்கள் ஓடின. எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் வாசலில் நின்றே படித்துக் காட்டுவார். "பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, பிரெஞ்சு படிக்கட்டும்" என்று ஒன்றில் எழுதியிருந்தார். அதுதான் கடைசிக் கடிதம். பிறகு உலகச் சண்டை வந்தது. சைகோனில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றார்கள். கப்பல் நின்றது, தபால் நின்றது. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் என் முகத்தைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்.

அவர் சொன்ன ஒரே வேலை அதுதானே என்று கமலத்தைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். சாதாரணமாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதுபோலச் செய்தேன். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், அப்போதுதான் வயசு சரி என்று சேர்த்துக்கொள்வார்கள். காலை மாலை அந்தப் பயிற்சி. (எட்டாத நாட்களில் காதைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்.) பாவாடை நாடாவைத் தானே முடிய வேண்டும். தானே சாப்பிட வேண்டும். 'போன்ழூர் மதாம்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்ல வேண்டும். சந்தையில் எண்ணெய் விற்கிறவரிடம் அந்த இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடத்தினேன். கையில் அகப்பையோடு நான்தான் மதாம். கமலம் ஒரு மாணவி. வகுப்பு வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று இரண்டு பூசணிக்காயையும் ஒரு முறத்தையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். முறம் எப்போதும் ஒழுங்காக இருந்தது. கமலம்தான் பூசணிக்காயோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவை விட்டுப் பிரிந்திருக்கவும் பழக்க வேண்டும் இல்லையா? அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அழுவாள், தேடுவாள், பிறகு பழகிக்கொள்வாள் என்பது திட்டம். வைக்கோல் அரிக்க அரிக்க அங்கே உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவள் பாடுகிற சத்தம் கேட்கும். அழுகை வராது. பொறுக்க முடியாமல் நானே எழுந்து போவேன். "இன்னாம்மா, வந்துட்ட?" என்பாள். அவள் பிரிவுக்குப் பழகிவிட்டாள். நான் பழகவில்லை. அந்த வீட்டில் என்னோடு பேசியது அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் செய்தவள் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டும். பச்சையப்பன். (எழுதினால் குற்றமில்லை என்று பிற்பாடு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.)

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். நான் அதில் ஒரு படி மேலே. பெயரில் பாதியைக்கூடச் சொல்ல மாட்டேன். பச்சை மிளகாய் எனக்குப் பழுக்காத மிளகாய். பச்சரிசி பொங்கலரிசி. பச்சைப் பயறு சுண்டல் பயறு. பச்சை நிறம் இலைக்கலர். சுற்றிலும் கண்ணுக்கெட்டின மட்டும் நெல் வயல் இருக்கிற ஊரில் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்திப் பாருங்கள், கஷ்டம் தெரியும். கடிதம் நின்ற பிறகு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவருக்கு என்னால் வேறு என்ன செய்ய முடியும்? வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் முடிந்தது.

ஊரிலும் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. சைகோன்காரர் என்பார்கள், என்னைச் சைகோன்காரி என்பார்கள். ஆக, கமலம் தன் அப்பாவுக்கு ஒரு பெயர் உண்டு என்றே தெரியாமல் வளர்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் சேரும் நாள் வந்தது. துணி கிடைக்காத காலம். என் கல்யாணத்துச் சேலை ஒன்றைக் கிழித்துப் பாவாடை தைத்திருந்தேன். நல்ல இலைக்கலர். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து, இறுக்கிப் பின்னி, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு ரிப்பன் கட்டி, சிலேட்டும் பலப்பமும் கொடுத்துக் கூட்டிப் போனேன்.

சின்னப் பிள்ளைகள் வகுப்பு கடைசி அறையில். மதாம் புதுச்சேரி டவுனிலிருந்து வந்தவர்கள், கிறிஸ்தவர், வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி. பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மதாம் சொல்வதைச் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அதுதான் அங்கே பாடம். முன்னால் நிற்கிறவர் ஒன்று சொன்னால் எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கமலம் 'போன்ழூர் மதாம்' என்றாள். காதைத் தொட்டாள். பெயர் கேட்டதும் சொன்னாள். மதாம் சிரித்துக்கொண்டே, பாவாடை அழகாக இருக்கிறதே, என்ன நிறம் என்று கேட்டார்கள்.

"இலைக்கலரு."

அதற்கு வேறு ஒரு பேர் இருக்கிறதே, தெரியாதா என்றார்கள்.

கமலம் குரலைத் தாழ்த்தி, "அத்தச் சொல்லக் கூடாது மதாம்" என்றாள்.

மதாம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த கேள்வி, அப்பா பெயர் என்ன? கமலம் கொஞ்சமும் தயங்காமல், "சைகோன்காரரு" என்றாள். அது ஊர், பெயர் என்ன என்றார்கள். அவள் யோசித்தாள். நான் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது சொல்கிற சொல் நினைவுக்கு வந்தது. "அவரு" என்றாள்.

வகுப்பு சிரித்தது. மதாம் என் பக்கம் திரும்பி, நீயே சொல்லம்மா என்றார்கள்.

 ஜாடையால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். (கெட்டிக்காரத்தனம்.) குனிந்து கமலத்தின் பாவாடையைப் பிடித்துக் காட்டினேன்.

"பாவாடையா?" என்று மதாம் பேனாவை எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பாவாடை என்று ஆண்களுக்கே பெயர் உண்டு. அப்படியே எழுதியும் இருப்பார்கள். நான் இல்லை என்று வேகமாகத் தலையாட்டி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் புங்க மரத்தில் ஒரு கொத்தைப் பறித்து ஆட்டினேன். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகத் தோன்றிவிட்டது. புங்கன், வேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை என்று ஆளாளுக்குக் கூவினார்கள். பின்வரிசையில் ஒரு பையன் கிளி என்றான். அவன்தான் கொஞ்சம் கிட்டத்தில் வந்தவன் என்பதால் அவனைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தேன். கிளியா என்று மதாம் மறுபடி பேனாவை எடுத்தார்கள். இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். கமலம் வெட்கத்தில் சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மதாம் நல்லவர்கள். கோபப்படவில்லை. என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்பா பெயர் தெரியாத பிள்ளை, வாய் திறக்காத தாய். அவர்களாக ஏதோ ஒரு முடிவுக்கு வந்து, கமலத்தின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்கள்.

"அப்பா இல்லையாம்மா?"

கமலத்துக்குத் தெரிந்த பதில். "இல்ல மதாம்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வீட்டில் இல்லை, ஊரில் இல்லை, அவள் பிறந்ததிலிருந்தே இல்லை. ஆனால் மதாம் முகம் மாறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எப்பம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலமாகவே ஊரில் எல்லாரும் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயால் யாரும் கேட்டதில்லை. நானும் எனக்குள்ளே கேட்டுக்கொண்டதில்லை. மதாம் கை வேறு மெத்தென்று இருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கையை உதறினேன்.

"பச்சையப்பன்" என்று கத்தினேன். "இருக்காரு. அவரு இருக்காரு."

வயலுக்குக் குரல் கொடுக்கிற தொண்டை அது. அடுத்த அறையில் பாடம் நின்றது.

நான் நின்ற இடம் கரும்பலகைக்குப் பக்கத்தில். முன்னால் நிற்கிறவர் உரக்கச் சொன்னால் அது பாடம். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரும் ஒரே குரலில், ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள்.

"பச்...சை...யப்...பன்."

மதாம் பிரம்பைத் தட்டினார்கள். அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகள் இன்னொரு தரம் சொன்னார்கள். எல்லாரும் முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாகப் பின்தங்கி வந்தது. கமலம். பழக்கமில்லாத வார்த்தையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்தப் பெயரைக் காதால் கேட்டு எத்தனை காலம் ஆயிருந்தது. ஆயுசு போகிறது, ஆயுசு போகிறது என்று மனசு அடித்துக்கொள்கிறது. இன்னொரு தரம் சொல்ல மாட்டார்களா என்றும் இருக்கிறது. அங்கே நிற்க முடியவில்லை. பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எங்கே ஓடுவது? வீட்டில் பூசணிக்காயும் முறமும்தான் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை அழுதேன். கமலம் எல்லாப் பிள்ளைகளோடும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு சொட்டு அழவில்லை. வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவுக்கும் பேரு இருக்குதாம்மா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரைக்கும் அவள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை.

மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் கோலி ஆடும்போதும் அதே ராகத்தில் அதே பெயர்தான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் ஓரகத்தி, கிணற்றுச் சண்டைக்கு அப்புறம் முதல் முதலாக என்னிடம் வாயைத் திறந்தாள். "ஏண்டி, புருஷன் பேர ஊரு நடுவுல நின்னு கத்தினியாமே, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்து என்னைக் கிழித்து எடுத்தாள். நான் அடுப்பை விட்டுவிட்டு வந்து வேலியோரம் நின்று கேட்டேன். குழம்பு அடிபிடித்தது. பெரியவள் ஒருத்தி என்னிடம் அவ்வளவு நேரம் பேசி வருஷக்கணக்காகிறது. திட்டி முடித்த பிறகும் அவள் போகவில்லை. கடுதாசி ஏதாவது வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாளும் வேலியோரம் வந்தாள்.

அவர் ஆயுசை நானே குறைத்துவிட்டேன் என்ற பயம் அவர் வந்து சேரும்வரை போகவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் விரதமென்று பட்டினி கிடந்தேன். கமலம் பள்ளிக்கூடத்துப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எழுதக் கற்றுக்கொண்டு முதல் காரியமாக அவர் பெயரைச் சிலேட்டில் எழுதினேன், உடனே எச்சில் தொட்டு அழித்தேன்.

சண்டை முடிந்து, கப்பல் விட்டு, ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்தார். பாதி ஆளாக இளைத்துப்போய், தகரப் பெட்டியோடு ஏரிக்கரையில் நடந்து வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரில் யாருக்குத் தன்னை ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பெயரைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பிள்ளைகள் ராகம் போட்டுக்கொண்டு, அவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஊர்வலமாக வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நின்றவர் திகைத்துப்போயிருந்தார்.

"ஊரே எம்பேரச் சொல்லுது. நீயா சொல்லிக்குடுத்த?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.  சாப்பிடறீங்களா என்று மட்டும் கேட்டேன்.

முழுக் கதையும் தெரிந்த பிறகு அவருக்கு ஒரு குறை. ஊரெல்லாம் கேட்டது, நான் மட்டும் கேட்கவில்லை என்பார். கல்யாணம் காட்சி என்று சொந்தக்காரர்கள் கூடினால் போதும், இந்தக் கதையை அவர்தான் ஆரம்பிப்பார். என்னையும் ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவார். நான் உள்ளே போய்விடுவேன்.

இப்போது அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படியிலிருந்து, "பச்சையப்பா, காப்பி ஆறுது" என்று நல்ல சத்தமாகவே கூப்பிடுவேன். அவர் திரும்ப மாட்டார். கமலத்தின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு டம்ளரை எடுத்துப் போய் அவர் கையில் கொடுப்பார்கள். எதற்கு இந்தச் சிரிப்பு என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்பார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிடுவேன்.